தோளுக்குத் தேய்மானம் எழுதினோமா?

நம் சங்கங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்ப்போர், எத்தனை கட்டு நூல் வழங்கப்பட்டது, எத்தனை மூட்டை உரம் விற்கப்பட்டது, எவ்வளவு கடன் வசூலாயிற்று என்பனவெல்லாம் பைசாப் பிசகாமல் எழுதப்பட்டிருக்கக் காண்பர். தறிக்குத் தேய்மானம் கழிக்கிறோம். கிடங்கின் கூரைக்குத் தேய்மானம் கழிக்கிறோம். தராசுக்குங்கூடத் தேய்மானம் உண்டு. ஆனால் அந்நூலைத் துணியாக்கிய தோளுக்கும், அவ்வுரத்தை வரப்பின்மீது சுமந்து சென்ற தோளுக்கும் அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. தோள் தேய்வதில்லை என்று நாம் கருதுகிறோமா? அல்லது, தேய்ந்தால் அது அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிட்டோமா?

இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். காவிரியின் கடைமடையில், காரைக்கால் வட்டாரத்தைச் சேர்ந்த குரும்பகரத்தில், அங்கத்தினர் கூட்டம் ஒன்றில் அமர்ந்திருந்தோம். தீர்மானம் படிக்கப்பட்டது. ஆதரிப்போர் கை உயர்த்துமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். நம் அருகிலிருந்த பெண்மணி இடக் கையை உயர்த்தினார். வலக் கையை உயர்த்தலாகாதா அம்மா என்று கேட்டோம். “அது போன தையிலேருந்து தோளுக்கு மேலே வரமாட்டேங்குதுங்க ஐயா. கொண்டை முடியக்கூட மருமகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கு” என்றார். மருத்துவரிடம் காட்டவில்லையா என்றதற்கு, “வயசானா வர்றதுதானுங்களே” என்று சிரித்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சிறு பிராயந்தொட்டு நாற்றுப் பறித்தும், நடவு நட்டும், கட்டுச் சுமந்தும் உழைத்த கை அது. அக்கை மேலெழாததை அவரும் குறையாகச் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்த எவரும் குறையாக எண்ணவில்லை. இந்த அலட்சியத்தையே நாம் இக்கட்டுரையில் எடுத்துப் பேச விரும்புகிறோம்.

தோள் என்பது யாது? வளர்ந்த மனிதனின் உடம்பில் எலும்புகள் 206. அவற்றுள் இரு கைகளுக்கும், அவற்றைத் தாங்கும் தோள்களுக்கும் உரியவை மட்டும் 64. ஒரு பக்கத்துக் கணக்கு இது: காறை எலும்பு 1, தோள்பட்டை எலும்பு 1, மேற்கை எலும்பு 1, முன்கை எலும்புகள் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 32. இந்த முப்பத்திரண்டும் உடலின் நடுக்கூட்டோடு எலும்புக்கு எலும்பாக இணைவது ஒரே ஓரிடத்தில்தான். பண்டைக் கழுத்தணியாகிய காறை கிடக்கும் இடத்தில் இருக்கின்ற காறை எலும்பின் உள்முனை, மார்பெலும்பைத் தொடும் அச்சிறு மூட்டே அது. மற்றப்படி தோள்பட்டை எலும்பு முதுகுப்புறத்து விலாக்களின்மீது தசைப் படுக்கையில் வழுக்கிக்கொண்டிருக்கிறதேயன்றி, வேறெங்கும் ஆணி அடித்து நிறுத்தப்படவில்லை.

இடுப்பு மூட்டில் ஆழமான கிண்ணம் உண்டு. தொடையெலும்பின் தலை அதனுள் பத்திரமாக அமர்ந்திருக்கும். தோளிலோ கிண்ணம் இல்லை. ஆழமற்ற சிறு தட்டுத்தான் உண்டு. சிறு தட்டின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியே அத்தட்டைத் தொடுகிறது. இதனாலேயே நம் கை முன்னும் பின்னும், மேலும் கீழும், சுற்றியும் சுழன்றும் செல்கிறது. உடம்பில் வேறெந்த மூட்டுக்கும் இவ்வளவு சுதந்திரம் இல்லை. அச்சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: பெரிய மூட்டுகளுள் அடிக்கடி நழுவுவது இதுவே.

அப்படியாயின் இதனை நிலைநிறுத்துவது எது? எலும்பின் சுவரன்று, தசைகளின் கூட்டு முயற்சியே. தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகள், முன்னும் பின்னும் மேலுமாக அவ்வுருண்டைத் தலையைத் தழுவிப் பிடித்து, தட்டின் நடுவே நிறுத்துகின்றன. கையைத் தலைக்கு நேரே உயர்த்தும்போதும் ஒரே மூட்டு அவ்வேலையைச் செய்துவிடுவதில்லை. 180 பாகை உயர்வில் ஏறத்தாழ 120 பாகையைத் தோள் மூட்டும், எஞ்சிய 60 பாகையைத் தோள்பட்டை எலும்பின் சுழற்சியும் பங்கிட்டுக்கொள்கின்றன. காறை எலும்பும் உடன் திரும்பி உதவுகிறது. ஒன்று சோர்ந்தால் அதன் பங்கு மற்றொன்றின்மீது ஏறுகிறது. அதுவும் சோர்ந்தால் மூன்றாவதன்மீது. கூட்டுறவின் இலக்கணத்தை நம் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் இம்மூட்டைக் கூட்டுறவாளராகிய நாமே புறக்கணிப்பது விந்தையன்றோ?

நம் தொழில்கள் இம்மூட்டிடம் எவ்வளவு வாங்குகின்றன என்பதைச் சற்றே கணக்கிடுவோம். 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் அமைப்பைக் கண்டார். அதற்கு முன்பெல்லாம் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தனர். இரு தோள்களும் வேலையைச் சமமாகப் பங்கிட்டன. கயிறிழுக்கும் தறியில் வேலை விரைந்தது, உற்பத்தி பெருகியது. ஆயினும் ஒரு கை ஓயாமல் கயிறு இழுப்பதற்கும், மறு கை ஓயாமல் பலகையை அடிப்பதற்கும் உரியவையாயின. அங்குலத்துக்கு 60 ஊடை இழை விழும் ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனை நெய்து முடிக்க ஏறத்தாழ 13,000 முறை கயிற்றை இழுக்கவேண்டும். அதே அளவு முறை பலகையை அடிக்கவேண்டும். கயிற்றின் கைப்பிடி தோளுக்கு மேலே தொங்குமாயின், அந்தப் பதின்மூவாயிரம் முறையும் தூக்கிய கையாலேயே இழுக்க நேர்கிறது. கையைத் தூக்கியவாறே உழைக்கையில், நாம் மேலே சொன்ன நான்கு தசைகளுள் மேலிருப்பதன் நாண், தோளின் எலும்புக் கூரைக்கும் உருண்டைத் தலைக்கும் நடுவே நசுங்குகிறது. நாள்தோறும் நசுங்கும் நாண் வீங்கும். பின் நைந்து போகும். ஈற்றில் அறுந்துவிடுவதும் உண்டு. தார் சுற்றும் பெண்டிரின் கை இராட்டையோடு நாள் முழுதும் சுழல்கிறது. அதற்குத் தரப்படும் கூலியோ மிகச் சொற்பம். அத்தோளின் நோவை விசாரிப்போர் அதனினும் சொற்பம்.

வயலிலும் இதே கதைதான். நெல்லைத் தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் வேலையை அறுவடை இயந்திரம் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது, அது நன்றே. ஆனால் முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பான் வந்து சேர்ந்திருக்கிறது. 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பானில் தண்ணீர் மட்டும் 16 கிலோ. அதன்மேல் கலத்தின் எடை. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க வேண்டுமெனில் 12 அல்லது 13 முறை நிரப்பிச் சுமக்கவேண்டும். வார் இரு தோள்களையும் அழுத்த, ஒரு கை பிடியை ஓயாமல் மேலும் கீழும் இயக்க, மறு கை குழலை நீட்டிப் பிடிக்கிறது. சம்பாவுக்குப் பின் பருத்தி போடுவோர் இதனை நன்கு அறிவர். மூட்டையின் கதையைச் சொல்லவும் வேண்டுமோ? 1967-ல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வளர்ந்த ஆடவர் ஒருவர் கையால் தூக்கிச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் 2018 முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது உண்மையே. அது உரச் செலவைக் குறைக்க எண்ணிச் செய்தது. தோளை எண்ணிச் செய்ததன்று. சேற்று வரப்பில், வழுக்கும் காலோடு, ஒருவர் தலையிலேற்றிச் செல்லும் 45 கிலோவைச் சமதரையில் தூக்கும் 45 கிலோவோடு ஒப்பிடவும் இயலாது.

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமென நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இவ்விடத்தில் வேலூரில் நிகழ்ந்த ஓர் அரிய பணியை நினைவூட்ட விழைகிறோம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், 1946-ல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை, நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தும் சிகிச்சையால் மீண்டும் விரியச் செய்தார். அப்பணியின்போது அவர் கண்ட பேருண்மை ஒன்றுண்டு. தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி இழந்த விரல்கள் சுடுவதையும் வெட்டுவதையும் அறியாமல், காயத்தின்மேல் காயம்பட்டே அழிகின்றன. அதாவது, வலி இல்லாமையே அக்கைகளைக் கொன்றது. ஆகவே வலி நம் பகைவனன்று. வீட்டு வாயிலில் நின்று குரல் கொடுக்கும் காவலாளி. காவலாளி கூவும்போது காதைப் பொத்திக்கொண்டு உறங்குவோரை யார்தான் காப்பாற்ற இயலும்?

குரும்பகரத்து அம்மையாரின் கை உயராமற் போனதும் இத்தகையதே. தோள் மூட்டின் உறை தடித்துச் சுருங்கி, கை எப்பக்கமும் அசையாமல் இறுகிப்போகும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் காட்மன் 1934-ல் அதற்கு ‘உறைந்த தோள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரிடம், அவருள்ளும் பெண்களிடம், மிகுதியாகக் காண்பது; நீரிழிவு உடையோர்க்கு மற்றோரைவிடப் பன்மடங்கு மிகுதியாக வருவது. கொண்டை முடிய இயலாமை, முதுகுப்புறம் கை கொண்டுசெல்ல இயலாமை, இரவில் அப்பக்கம் சாய்ந்து படுக்க இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். தானே தளர ஓராண்டோ, மூவாண்டோ ஆகும். சிலர்க்கு முழுவதும் தளர்வதுமில்லை. மருத்துவரிடம் காட்டி, நீரிழிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அவர் சொற்படி பயிற்சியும் செய்யவேண்டும். குனிந்து நின்று, நோகும் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவதும், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவதும் அப்பயிற்சிகளுட் சில. வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு வாளாவிருப்பதே கூடாதது.

முறிவைப் பற்றியும் கூறாமல் முடிக்கலாகாது. மழைக்காலத்தில் வரப்பில் வழுக்குவோர், விழும்போது கையை ஊன்றியே விழுகின்றனர். அவ்வதிர்ச்சி மணிக்கட்டிலிருந்து முன்கை வழியாக, மேற்கை வழியாகக் காறை எலும்புவரை பாய்கிறது. முதியோர்க்கு மணிக்கட்டருகே முறிகிறது. இளையோர்க்குக் காறை எலும்பு முறிகிறது. மரத்திலிருந்து விழும் சிறுவர்க்கு முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிகிறது. இம்மூன்றாவதே மிக அஞ்சத்தக்கது. கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயும், முக்கிய நரம்புகளும் அவ்விடத்தை ஒட்டியே செல்கின்றன.

காரைக்காலில் மாங்கனித் திருவிழா முடிந்த சில நாட்களில், மாமரத்திலிருந்து விழுந்த சிறுவன் ஒருவனை நாம் அறிவோம். வீட்டார் அன்றே ஒருவரிடம் கொண்டுபோய் மூங்கிற் பத்தை வைத்து இறுகக் கட்டிவந்தனர். இரவெல்லாம் பிள்ளை அலறினான். முறிவென்றால் வலிக்கத்தானே செய்யும் என்று ஆறுதல் கூறினர். பொழுது விடிந்தபோது விரல்கள் குளிர்ந்து, நீலம் பாரித்திருந்தன. கட்டை அவிழ்த்தனர், ஆனால் காலம் கடந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, விரல்களோ இன்றளவும் நிமிரவில்லை. அறுந்த இழையை முடியவும், நாற்றைப் பிரித்து நடவும் அக்கையால் ஆகாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைகள் சுருங்கும் இவ்விபத்தை 1881-லேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் விளக்கியிருக்கிறார். இரத்தமின்றி ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்தால் தசை மீளாது.

பரம்பரையாக எலும்பு கட்டுவோரை இகழ்வது நம் நோக்கமன்று. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயர் தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. மருத்துவமனை தொலைவிலிருந்த காலத்தில் ஏழை மக்களுக்கு வேறு கதி எது? முறிந்த எலும்பைக் கூட்டுவது இயற்கையே. வைத்தியர் செய்வது, அதனை நேராக வைத்து, கூடும்வரை அசையாமற் காப்பது மட்டுமே. மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் அளவு மீறி இறுகினால் இதே தீங்கைச் செய்யும். ஆகவே கட்டியவர் யாராயினும் நாம் காணவேண்டியவை இவை: நேரம் ஆக ஆக வலி மிகுகிறதா? விரல்கள் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப் போகின்றனவா? விரலை மெல்ல நிமிர்த்தினால் பிள்ளை துடிக்கிறானா? இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். எலும்பின் நிலையைக் காட்டும் எக்ஸ்-ரே கதிர்கள் 1895-லேயே கண்டறியப்பட்டன. காரைக்கால் நகரில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. 2016 முதல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளையும் இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கையைக் கட்டவேண்டிய நிலை இன்று நமக்கில்லை.

முதலுதவிக்கும் நாம் வெகு தொலைவு செல்லவேண்டியதில்லை. உழவரின் தோளில் கிடக்கும் துண்டு நெசவாளர் நெய்தது. அத்துண்டையே மடித்து, முறிந்த கையை மார்போடு அணைத்துத் தாங்குமாறு கழுத்தில் தூளியாகக் கட்டலாம். முழங்கையருகே முறிவென்று ஐயமிருந்தால், கையை இழுத்து நிமிர்த்தாமல், இருக்கும் நிலையிலேயே தாங்கிச் செல்லவேண்டும். நீவுதலும் உருவுதலும் அறவே ஆகா.

“எம் பாட்டனார் இரண்டு மூட்டையை ஒருசேரச் சுமந்தாரே, அவர்க்கு ஒன்றும் நேரவில்லையே” என்று சொல்வோர் உளர். அப்பாட்டனார் அறுபது வயதில் தலைப்பாகை கட்டக் கை எழாமல் இருந்ததையும் அவர்கள் சற்றே நினைவுகூர்வார்களாக. சங்கத்தில் பணம் ஏது என்று கேட்போரும் உளர். கை முடங்கிய அங்கத்தினர் துணி தரார், நெல் தரார், வாங்கிய கடனையும் திருப்பித் தரார். தறியின் தேய்மானத்துக்கு ஒதுக்கும் சங்கம், தறியை இயக்கும் தோளுக்கு ஒதுக்க மறுப்பது சிக்கனமன்று, கணக்கறியாமையே ஆகும்.

ஆகவே, ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் பின்வருவனவற்றை ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, தறியை மனிதனுக்கேற்ப அமைத்தல். கயிற்றின் கைப்பிடி தோள் மட்டத்துக்குக் கீழே தொங்கவேண்டும். அமரும் பலகையின் உயரம் நெய்பவரின் உடலுக்கு ஏற்றதாகவேண்டும். இதற்கு ஒரு முழக் கயிறும், ஒரு நாள் தச்சு வேலையும் போதும். மின்கலத்தால் இயங்கும் தெளிப்பான்களைச் சங்கமே வாங்கி வாடகைக்கு விட்டால், உழவரின் கைக்கு ஓய்வு கிடைக்கும்.

இரண்டாவது, சுமைக்கு வரம்பு கட்டுதல். சங்கக் கிடங்கில் மூட்டையை ஒருவரே தூக்கலாகாது, இருவர் தூக்கவேண்டும் என்று விதி செய்க. ஒரு தள்ளுவண்டி வாங்கி வைப்பதால் சங்கம் ஏழையாகிவிடாது.

மூன்றாவது, ஊருக்கு இருவர், அவருள் ஒருவரேனும் பெண், முதலுதவி பயிலுதல். கூட்டுறவுக் கல்விக்கென ஒதுக்கும் தொகை இத்தகைய பணிக்கும் பயன்படுதல் முறையே.

நான்காவது, இலாபத்தில் பொது நன்மைக்கென எடுத்துவைக்கும் தொகையில் ஒரு பங்கைத் தோள் நிதியாகக் குறித்தல். கை முறிந்தவர்க்கு மருத்துவமனை செல்லும் வண்டிச் சத்தமும், படம் எடுக்கும் செலவும், எலும்பு கூடும் ஆறு வாரமேனும் அரைக் கூலியும் அதிலிருந்து கிடைக்கட்டும். கூலி போய்விடுமே என்னும் அச்சத்தாலேயே பலர் வலியை மறைக்கின்றனர். அவ்வச்சம் நீங்கினால் பாதி நோய் நீங்கும். எந்த அங்கத்தினர்க்குத் தோள் நோகிறது, எத்தனை நாளாக நோகிறது என்று குறிக்க ஒரு பதிவேடும் திறக்கப்படவேண்டும். எழுதப்படாத நட்டத்தை எவரும் ஈடு செய்யார்.

‘தோள் கொடுத்தான்’ என்று உதவி செய்தவனை நம் மொழி போற்றுகிறது. நெசவாளரும் உழவரும் தம் தோளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டனர். இனிச் சங்கம் அவர்கட்குத் தோள் கொடுக்கவேண்டும். வரும் பொதுக் கூட்டத்தில் இத்தீர்மானம் எடுக்கப்படும்போது, உயர்த்த இயலும் கைகள் யாவும் உயர்வனவாக. உயர இயலாத அந்தக் கைகளின் பொருட்டு.